மைசூர் வகுப்பறையில் ஓர் அமெரிக்கப் பேருந்து

ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றிப்போய் விற்றது ஒரு பத்தி, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒரு பத்தி, முடிவில் "பின்னர் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கிடைத்தது" என்று ஒரு வரி. போருக்கும் அந்த வரிக்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருஷம் காணாமல் போயிருந்தது. நான் அதற்கு முன் ஒரு சிறிய நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். அங்கே இப்படி ஒரு வரி மேசைக்கு வந்தால், யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், எப்போது கிடைத்தது என்று ஓரத்தில் எழுதி நிருபருக்கே திருப்பி அனுப்புவோம். பாடப்புத்தகத்தை அப்படித் திருப்பி அனுப்ப முடியாது.

நாளிதழ் நின்றுபோன பின், 1992 ஜூனில், மைசூர் குவெம்புநகரில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். தற்காலிக நியமனம். நிரந்தரமாக்குவதா, இனி வர வேண்டாம் என்று சொல்வதா என்பதைத் தசரா விடுமுறைக்கு முன் பள்ளிச் செயலாளர் முடிவு செய்வார். எனக்கு முன்னால் இருந்தவரிடம் இனி வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் என்று ஆசிரியர் அறையில் முதல் நாளே தெரிவித்துவிட்டார்கள். எனக்கு வேறு வேலை கைவசம் இல்லை.

முந்தைய டிசம்பரில்தான் காவிரிக் கலவரம் நடந்திருந்தது. மைசூரிலும் தமிழர் கடைகள் நொறுங்கின. கொள்ளேகாலம் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பங்கள் எல்லை தாண்டிப் போயின. ஜூனில் தமிழ்ப் பத்திரிகைகள் மறுபடியும் கடைகளில் தொங்கின. வாங்குகிறவர்கள் அவற்றை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். என் மனைவி கொள்ளேகாலத்துக்காரி. கடைத்தெருவில் என்னோடு கன்னடத்தில் பேசுவாள், வீட்டுக் கதவைத் தாழிட்ட பிறகு தமிழில். அப்படிச் செய்யலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்ததாக நினைவில்லை.

நான் தமிழன் என்பது பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த முக்கால் பக்கத்தைப் பள்ளியில் ஒரே பாட வேளையில் முடித்துவிடுவது வழக்கம். தேர்வில் அதிலிருந்து எதையும் கேட்பதில்லை. கேட்காத பகுதியின் மேல் பிள்ளைகள் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். நான் அதற்கு மூன்று பாட வேளைகள் எடுத்துக்கொள்வது என்று பாடத்திட்டத்தில் எழுதினேன். தலைமையாசிரியை படிக்காமலே கையெழுத்திட்டார்.

எங்கள் வீட்டு மாடியில் கென்யாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் குடியிருந்தார். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். அவரை வகுப்புக்கு அழைத்துப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. படியில் நிறுத்திக் கேட்டேன்.

"எதுக்கு?"

"பிள்ளைகள் பேசிப் பார்க்கட்டும் என்றுதான்."

"போன வருஷம் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். போனேன். டான்ஸ் ஆடச் சொன்னார்கள். எனக்கு ஆடத் தெரியாது. என் தலைமுடியைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்."

"நான் அமெரிக்க அடிமை முறையைப் பற்றி நடத்துகிறேன்."

"அதைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நான் கென்யாவில் கிசுமு ஊர்க்காரன். உங்களை பர்மாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் போவீர்களா?"

ஆங்கிலத்தில், கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு படியில் எதிர்ப்பட்டபோதெல்லாம், நான் வேறு எதற்காவது அடிபோடுகிறேனா என்று பார்ப்பது போலவே பார்த்தார்.

முதல் பாட வேளை கப்பல்களைப் பற்றி. பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். இரண்டாவதில் தென்னாப்பிரிக்காவை இழுத்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கை தூக்கினான்.

"சார், சவுத் ஆப்பிரிக்காவுல எல்லாரும் வெள்ளைக்காரங்கதானே?"

"யார் சொன்னது?"

"டிவியில பாத்தேன் சார். வேர்ல்ட் கப்ல."

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச் முழுதும் மைசூரே உலகக் கோப்பை கிரிக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு அப்படி ஓர் அணி எப்படி அமைந்தது என்று விளக்குவதிலேயே அந்த வேளை முடிந்துவிட்டது.

மூன்றாவது பாட வேளையில்தான் சிக்கல் வந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர் பேருந்தின் பின்பகுதியில்தான் உட்கார வேண்டும் என்று விதி இருந்ததையும், ஓர் ஊரில் அவர்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் பேருந்தில் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனதையும் சொன்னேன். வகுப்பில் சலசலப்பு. யாருக்கும் அதிர்ச்சி இல்லை.

"பின்னாடி சீட்டு நல்லாத்தானே சார் இருக்கும்?" என்றான் ஒருவன்.

"எங்க அப்பா எப்பவும் பின்னாடிதான் உக்காருவார் சார்."

மைசூர் நகரப் பேருந்தில் முன்பகுதி பெண்களுக்கு, பின்பகுதி ஆண்களுக்கு. பையன்களுக்குப் பின்பக்கம் போவது பெரியவனாகிவிட்டதன் அடையாளம். அம்மாவோடு முன்னால் உட்காருகிறவனைக் கேலி செய்வார்கள். அமெரிக்காக்காரர்கள் பின் இருக்கைக்காக ஒரு வருஷம் நடந்தார்களா என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது.

மணியடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வேறு உதாரணம் தேடினேன். "சரி, இப்படி வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு குறிப்பிட்ட மொழி பேசுகிறவர்கள் மட்டும் பேருந்தில் உட்காரக் கூடாது. இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். அவர்களும் அதே கட்டணம்தான் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு விதி போட்டால்?"

சிரிப்பு நின்றது. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்தும் இருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் அப்பா பள்ளி அலுவலகத்துக்கு வந்துபோனதை ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மதியம் தலைமையாசிரியை என் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "ஏனில்ல, சும்னே நோடிதே" என்றார். ஒன்றுமில்லை, சும்மா பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பத்திரிகையில் இருந்த எவருக்கும் தெரியும்.

அதற்கடுத்த நாளிலிருந்து கன்னட ஆசிரியை என் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். கட்டுரை நோட்டுகளைத் திருத்த இடம் தேடி வந்ததாகச் சொன்னார். ஆசிரியர் அறையில் ஐந்து மேசைகள் காலியாக இருந்தன. சாமராஜநகர் பக்கத்தைச் சேர்ந்தவர், நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். நான் பேசும்போது அவர் சிவப்புப் பேனா நின்றுவிடும். நான் எழுதிப்போடத் திரும்பினால் மறுபடியும் ஓடும். திருத்துகிற வேகமில்லை அது, எழுதுகிற வேகம்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற உதாரணம் ஒண்ணுமே சிக்கலீங்களா? கலருன்னு சொல்லியிருக்கலாம், ஒசரம்னு சொல்லியிருக்கலாம்."

"அந்த நேரத்தில் அதுதான் வந்தது."

"எப்படி வராம இருக்கும்? அதேதான் நெனப்பு. தசரா வரைக்கும் வாயைக் கட்டுங்க. அப்புறம் நெரந்தரமாயிட்டா எந்த பஸ்ஸை வேணா ஓட்டிக்குங்க."

மாடிப்படியில் காலடி கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மேலே போனவர் கென்யாக்காரர். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது.

செயலாளர் அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, அயர்ன் செய்த கதர்ச் சட்டை. அவரோடு அதுவரை நான் பேசிய எல்லாப் பேச்சும் கன்னடத்தில்தான், அதுவும் இலக்கணமான மேடைக் கன்னடத்தில். உட்காரச் சொல்லவில்லை.

"மாஸ்டரே, நீங்க பேப்பர்ல வேலை பாத்தவர். வார்த்தையை அளந்து போடறவர். அந்த உதாரணத்தை யோசிச்சுத்தானே சொன்னீங்க?" என்றார் கன்னடத்தில்.

"இல்லை சார். பின் இருக்கை என்றால் பையன்களுக்குப் புரியவில்லை."

"காவிரியை கிளாசுக்குள்ள கொண்டுவர்றதா ஒருத்தர் புகார் சொல்லியிருக்கார்."

"காவிரி என்ற சொல்லையே நான் சொல்லவில்லை."

"அதைத்தான் நானும் கேக்கறேன். சொல்லாம சொன்னீங்களா?"

பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், தமிழில் பேசினார். நான் கேட்டிராத தமிழ். பெரும்பாலும் ஐயங்கார் வீட்டுப் பேச்சு. நடுவே எங்கள் யாரிடமும் இல்லாத பழைய சொற்கள், அவற்றின் மேல் கன்னட ராகம். அவர் ராமானுஜர் காலத்தில் வந்து குடியேறிய மேல்கோட்டைக் குடும்பம் என்று தெரியும். வீட்டில் இந்தப் பேச்சு என்பது தெரியாது.

"ஒக்காருங்கோ. யாரு உங்ககிட்ட சொன்னா?"

"எதை சார்?"

"எங்காத்து விஷயத்தை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நம்பவில்லை. நான் ஏற்கெனவே கேள்விப்பட்ட ஒன்றை உறுதி செய்துகொள்கிறவன் போல உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தானே சொன்னார். கலவர நாட்களில் அவர் தெருவுக்கும் கூட்டம் வந்திருக்கிறது. அவரே வாசலில் நின்று கன்னடத்தில் பேசி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பின் மார்கழி பிறந்துவிட்டது. அவருடைய அம்மா மார்கழி முழுதும் விடியலில் தமிழ்ப் பாசுரங்களை உரக்கச் சொல்கிறவர். தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் எழுப்புகிற மணி.

"அந்த மார்கழி மனசுக்குள்ளயே சொல்லும்மான்னுட்டேன். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷமா இந்தச் சீமையில இருக்கோம். அவ உதடு மட்டும் ஆடிண்டிருந்தது. இது பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாது. நீர் வந்து, வீட்டில ஒரு பாஷை பேசறவான்னு கிளாஸ்ல ஆரம்பிச்சா நான் என்னன்னு நெனைக்கறது?"

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவா."

அவர் பேசப் பேச எனக்கும் ஒரு சந்தேகம். இந்தத் தமிழ் எதற்கு? என்னிடமிருந்து பதிலுக்கு ஏதாவது வரவழைக்கத் தூண்டிலாகப் போடுகிறாரா? கலவரத்தில் என் மனைவியின் ஊரில் நடந்ததை நான் சொல்லத் தொடங்கினால், அது திங்கட்கிழமை நிர்வாகக் குழுவுக்குப் போகுமா? நான் சொல்லவில்லை. கன்னடத்திலேயே பதில் சொன்னேன். அது அவருக்கு எப்படிப் பட்டதோ தெரியாது.

எழுந்து கதவைத் திறந்தார். மறுபடியும் மேடைக் கன்னடம். "அந்தப் பாடத்தை இன்னொரு தடவை நடத்துங்க. நான் வந்து கேக்கறேன். மொழிங்கற பேச்சே வரக் கூடாது. அதைப் பாத்துட்டுத்தான் உங்க ஆர்டரைப் பத்தி முடிவு."

செயலாளர் வகுப்புக்கு வந்த அன்று பிள்ளைகள் சீருடையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கடைசி பெஞ்சில், பக்கத்தில் கன்னட ஆசிரியை. நான் கப்பலிலிருந்து ஆரம்பித்தேன். பருத்தித் தோட்டங்கள், போர், அதன் பிறகு வந்த தனித்தனிப் பள்ளிகள், தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள், வாக்குரிமை மறுப்பு. பேருந்தை ஒரே வாக்கியத்தில் கடந்தேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. வீட்டில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள் என்பது பெஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

முடிக்கும் தறுவாயில் முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். யாருடைய அப்பா வந்துபோனாரோ அதே பெண்.

"சார், அவங்க கப்பல்ல போறதுக்கு முன்னாடி என்ன பாஷை பேசினாங்க? இங்கிலீஷா?"

கடைசி பெஞ்சில் இருவரும் நிமிர்ந்தார்கள். கேள்வியை அப்பாவே கொடுத்து அனுப்பியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அது தேர்வுக்கு வராது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அந்தப் பள்ளியில் எந்தக் கேள்வியையும் அப்படி மூடலாம். ஆனால் அது நேரான கேள்வி, எனக்குப் பதில் தெரிந்த கேள்வி.

"இங்கிலீஷ் இல்லை. பல மொழிகள். ஒரே மொழி பேசுகிறவர்கள் சேர்ந்திருந்தால் ஆபத்து என்று பல முதலாளிகள் பிரித்து வாங்கினார்கள். சொந்த மொழியில் பேசினால் பல தோட்டங்களில் அடி விழும். சில தலைமுறைகளில் பெரும்பாலும் போய்விட்டது."

"ஒண்ணுமே மிச்சம் இல்லையா சார்?"

"சில சொற்கள் மிஞ்சின. சில இடங்களில் பாட்டுகளில் இருந்தன. பாடுகிறவர்களுக்கே அர்த்தம் தெரியாது. ஆனால் விடவில்லை."

அவள் அதை எழுதிக்கொண்டாள். செயலாளர் மணியடிப்பதற்கு முன்பே எழுந்து வெளியே போனார். அவர் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. கன்னட ஆசிரியை இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அரைப் பரீட்சை நடந்தது. தசரா விடுமுறை தொடங்கும் நாளில் அலுவலக உதவியாளர் உத்தரவையும் அதன் நகலையும் ஓர் உறையில் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் படித்தேன். பணி நிரந்தரம். கீழே இன்னொரு பத்தி: விடுமுறைக்குப் பின் நான் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் புவியியல் எடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வரலாறு கன்னட ஆசிரியைக்கு. நகலில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் நியமனம் செல்லும்.

ஆசிரியர் அறையில் கன்னட ஆசிரியையும் நானும்தான் இருந்தோம். அவர் ஊருக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

"தெரியும் சார்" என்றார் கன்னடத்தில். "நான் எம்.ஏ. சரித்திரம்தான். இவங்க கன்னடத்துக்குத்தான் வேலை இருக்குன்னாங்க, சேந்துட்டேன்."

"நீங்கள் என் வகுப்பில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினீர்களா?"

"ஆமா, எழுதினேன். எழுதச் சொன்னாங்க. பாடம் நல்லா இருக்குன்னு எழுதினேன். உதாரணம் சரியில்லைன்னும் எழுதினேன்."

"அதனால்தான் பாடத்தை உங்களுக்குக் கொடுத்தார்களா?"

"யாருக்குத் தெரியும்? பாடம் நிக்கக் கூடாது, ஆனா உங்க வாயிலருந்து வேண்டாம்னு செக்ரட்டரி சொன்னார். உங்களைக் காப்பாத்தினாரா, தன்னைக் காப்பாத்திக்கிட்டாரா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நான் அவரைப் பத்து வருஷமாப் பாக்கறேன், எனக்கே பிடிபடலை."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "பேருந்துக்கு நீங்கள் என்ன உதாரணம் சொல்வீர்கள்?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "எனக்கு எதுக்கு சார் பஸ்? எங்க ஊர் ஓட்டல்ல எங்களுக்குன்னு தனி லோட்டா, கூரையில சொருகி வெச்சிருப்பாங்க. குடிச்சிட்டு நாமளே கழுவி வெக்கணும். நான் எட்டாவது படிக்கறப்போ அந்த லோட்டாவுலதான் டீ குடிச்சேன். அதைச் சொல்வேன்."

என் வகுப்பில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவரை நான் உளவு பார்க்க வந்தவராக மட்டுமே பார்த்திருந்தேன். தமிழ், கன்னடம் என்ற இரண்டுக்கு வெளியே ஒரு கணக்கு இருப்பது அவரைத் தவிர எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, புகார் கொடுத்த அப்பா உட்பட.

"சொன்னால் நீங்கள் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுக்கும் தெரிந்துவிடும்."

"தெரியட்டுமே. புகார் குடுக்க வருவாங்க. நான் பெர்மனெண்ட் ஆகி ரொம்ப நாளாச்சு. என்ன பண்ணிடுவாங்க?" சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க. சாமராஜநகர் பஸ் போயிடும், நான் கெளம்பணும்."

உத்தரவை இன்னொரு தடவை படித்தேன். பேனாவை எடுத்து நகலின் அடியில் கையெழுத்திட்டு, மடித்து உறைக்குள் வைக்கப்போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தேதி போடுங்க சார். தேதி இல்லாம குடுத்தா அவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்குவாங்க."

போட்டேன்.